கிரிலில் சுட எந்த ஸ்குவாஷ் வாங்கலாம்? டெலிகாட்டா, பட்டர்நட், ஏகார்ன், கபோச்சா ஓர் ஒப்பீடு

வட அமெரிக்காவின் நன்றி நவிலும் விருந்து நாளான தேங்ஸ்கிவிங் அன்று ஓவன் வான்கோழிக்குத்தான். 7 கிலோ பறவை உள்ளே போனால் மூன்றரை மணி நேரத்துக்கு வேறு எதற்கும் அதில் இடம் கிடையாது. மேலே பர்னர்களில் கிரேவி, உருளைக்கிழங்கு, கிரான்பெர்ரி என்று வரிசை கட்டி நிற்கும். அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் யாரும் தொடாமல் இருப்பது கிரில் ஒன்றுதான். பரங்கிக்காய்க் குடும்பத்து விண்டர் ஸ்குவாஷை அதில் சுடுங்கள் என்று நான் சொல்வதற்கு இடநெருக்கடி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ருசி. ஓவனில் வெந்த ஸ்குவாஷ் இனிப்பாக மட்டும் இருக்கும், நாலு வாய்க்கு மேல் திகட்டும். கம்பியில் சுட்டதில் ஓரங்கள் கருகி ஒரு மெல்லிய கசப்பும் புகைமணமும் சேரும். இனிப்பும் உப்பும் காரமும் ஒரே துண்டில் சண்டை போடாமல் நிற்பதற்கு அந்தக் கசப்புதான் தேவை.

ஆனால் கடையில் குவிந்து கிடக்கும் எல்லா ஸ்குவாஷும் நெருப்புக்குச் சரிப்படாது. தவறானதை வாங்கினால் வெளியே கரி, உள்ளே பச்சை. அதனால் எதை வாங்குவது, எப்படிச் சுடுவது, இனிப்புக்கு எதைத் தடவுவது என்ற மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் சாப்பிட டெலிகாட்டா. பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் கழுத்து நீண்ட பட்டர்நட், ஆனால் அரைவேக்காடு செய்துவிட்டுத்தான். மாவு மாவாகச் சாப்பிடப் பிடித்தவர்களுக்குக் கபோச்சா. ஏகார்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓவனிலேயே இருக்கட்டும்.

நெருப்பு என்ன கேட்கிறது?

விண்டர் ஸ்குவாஷ் கோடையில் வளர்ந்து, தோல் தடித்து முற்றிய பிறகு செப்டம்பர், அக்டோபரில் பறிக்கப்படுவது. குளிர்காலம் முழுக்க வீட்டில் வைத்துச் சாப்பிடுவதற்கென்றே விளைந்தது. வடகிழக்கு அமெரிக்காவின் ஹோடெனொஷோனி மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், ஸ்குவாஷ் மூன்றையும் ஒரே மண்மேட்டில் ஊன்றி, மூன்று சகோதரிகள் என்று அழைத்தார்கள். முற்றிய காயைத் தணலிலும் சாம்பலிலும் சுட்டுத் தின்பது இந்தக் கண்டத்தில் ஓவன் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உள்ள வழக்கம்.

முழுக்காயைச் சாம்பலில் புதைத்தால் மெதுவாக வேகும், அவசரம் இல்லை. துண்டு போட்டுக் கம்பியில் வைப்பது வேறு விஷயம். ஸ்குவாஷின் சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் நன்றாக இளகுவதற்கு உள்ளே 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். கம்பியைத் தொடும் பக்கமோ 200 டிகிரியைத் தாண்டிவிடும், 160 டிகிரியிலேயே சர்க்கரை பாகாகிப் பழுப்பாகத் தொடங்கிவிடும். சூடு உள்ளே போய்ச் சேருவதற்குள் மேல்பக்கம் தீய்ந்துவிடாமல் இருக்க வேண்டும். வாங்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான்: தோலோடு தின்ன முடியுமா, துண்டுகள் ஒரே கனத்தில் வருமா, சதையில் தண்ணீர் மிகுதியா மாவு மிகுதியா.

டெலிகாட்டா

வெளிர்மஞ்சள் உடம்பில் பச்சை வரிகள், உருளை வடிவம், அரைக் கிலோ முன்பின் எடை. தோல் மெல்லியது, வெந்தபின் பல்லுக்குத் தெரியாது, சீவ வேண்டியதே இல்லை. இரண்டு முனையையும் வெட்டி, நீளக் கரண்டியால் விதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்தில் வளையம் வளையமாக அரிந்தால் வேலை முடிந்தது. வளையத்தின் சதை மெலிதாக இருப்பதால் முன்கூட்டி வேகவைக்கத் தேவையில்லை. எண்ணெயும் உப்பும் புரட்டி, மிதமான சூட்டில் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். கத்தி முனை எதிர்ப்பில்லாமல் இறங்கினால் எடுத்துவிடலாம்.

மிதமான சூடு என்பதை மீட்டர் இல்லாமலே பார்க்கலாம். கம்பிக்கு அரைச் சாண் மேலே, அதாவது 12 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளங்கையை நீட்டுங்கள். நான்கைந்து விநாடி தாங்கினால் சரி. இரண்டே விநாடியில் கையை இழுத்துக்கொண்டால் அது இறைச்சிக்கான சூடு, ஸ்குவாஷைக் கரியாக்கிவிடும்.

இந்த வகையை 1890-களில் நியூயார்க்கின் பீட்டர் ஹெண்டர்சன் விதை நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெல்லிய தோல் தின்பவருக்கு வசதி, லாரியில் ஏற்றுபவருக்குத் தொல்லை. அதனாலேயே தடித்தோல் வகைகளுக்கு இது வெகுகாலம் வழிவிட்டு ஒதுங்கிக் கிடந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சாம்பல் நோயைத் தாங்கும்படி உருவாக்கிய புதர் வகை டெலிகாட்டா 2002-இல், சிறந்த புது ரகங்களுக்குத் தரும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்றது. இப்போது அக்டோபரில் பண்ணைக் கடைகளில் மட்டுமில்லை, பெரிய கடைகளிலும் கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு காயில் சதை குறைவு, விதைக்குழி பெரிது. இரண்டு காய் வாங்கினால்தான் நான்கு பேருக்குக் காணும். கூட்டம் பெரிதானால் செலவும் ஏறும், கம்பியில் இடமும் போதாது. ஒரு நிமிடம் கவனம் தப்பினால் வளையம் குழைந்து கம்பிக்கு நடுவே விழும். அதனால் டெலிகாட்டா கம்பியில் இருக்கும்வரை நான் கிரிலை விட்டு நகர்வதில்லை. அப்படி நின்று பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், சுடுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஸ்குவாஷ் இல்லை.

வாங்கும்போது அடிநிறம் வெண்பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள், பிஞ்சிலே பறித்தது. மஞ்சள் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் திரும்பியிருந்தால் இனிப்பு நிச்சயம்.

பட்டர்நட்

நம் ஊர்ப் பரங்கிக்காய்க்கு இது சொந்தக்காரன். மதுரைப் பக்கம் மஞ்சள் பூசணி, கொங்குப் பக்கம் அரசாணிக்காய் என்று நாம் சொல்லும் காயும் பட்டர்நட்டும் ஒரே தாவர இனம். அறுத்தவுடன் வரும் வாசனையிலேயே அந்த உறவு தெரியும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டோ என்ற சிற்றூரில் 1940-களில் சார்ல்ஸ் லெகெட் என்பவர் உருவாக்கியது இது என்பார்கள். இன்றைக்கும் பரவலாகப் பயிராகும் வால்தம் பட்டர்நட், அதே மாநிலத்தின் வால்தம் ஆராய்ச்சிப் பண்ணையில் செம்மைப்படுத்தப்பட்டு 1970-இல் விருது பெற்ற ரகம்.

கிரிலுக்கு இதில் உபயோகமானது கழுத்து. விதையே இல்லாத கெட்டிச் சதை, அரிந்தால் ஒரே அளவு வட்டங்கள். குண்டான அடிப்பாகத்தைச் சூப்புக்கோ கூட்டுக்கோ ஒதுக்கிவிடலாம். எனவே கடையில் அழகான உருண்டையைத் தேடாமல், கழுத்து நீண்டு தடித்த காயைப் பொறுக்குங்கள். ஒன்றரைக் கிலோ காயின் கழுத்திலேயே பத்துப் பன்னிரண்டு வட்டங்கள் தேறும். பெரிய விருந்துக்கு இதை நான் சொல்வது அதனால்தான்.

தோல் சீவ வேண்டும். ஓவனில் நெடுநேரம் வெந்தால் தோலும் மெத்தென்று ஆகிவிடும், ஆனால் கம்பியில் கிடக்கும் சில நிமிடங்களில் அது வெறும் தோலாகவே நிற்கும். சீவும்போது வரும் பால் கையில் பசை போல் ஒட்டி, காய்ந்தபின் தோலை இறுக்கிப் பிடிக்கும். சிலருக்குத் தோல் உரிந்து எரிச்சலும் வரும். கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

பச்சையாகவே கம்பியில் வைக்கலாமா என்றால், அரை சென்டிமீட்டருக்கு மெலிதாக அரிந்தால் வைக்கலாம். ஆனால் அப்படிச் சுட்டது உலர்ந்து தோல் மாதிரி ஆகிவிடும், உள்ளே அந்த வெண்ணெய் மென்மை இருக்காது. ஒன்றேகால் சென்டிமீட்டர் வட்டமாக இருந்தால்தான் வெளியே சுட்ட ருசியும் உள்ளே குழைவும் இரண்டும் கிடைக்கும். அதற்கு அரைவேக்காடு அவசியம்.

அரைவேக்காட்டுக்கு மூன்று வழி உண்டு. ஆவியில் வைப்பது, மைக்ரோவேவில் மூடி வைப்பது, உப்புத் தண்ணீரில் கொதிக்கவிடுவது. மைக்ரோவேவ் வேகமானது, நடுப்பகுதி சில துண்டுகளில் குழைந்தும் சிலவற்றில் பச்சையாகவும் நிற்கும். ஆவியில் வைத்தால் ருசி வெளியே போகாது, ஆனால் உப்பும் உள்ளே போகாது. நான் கொதிக்கும் உப்புத் தண்ணீரைத்தான் தேர்ந்தெடுப்பேன். இனிப்பும் உப்பும் சேர்ந்த சைட் டிஷ்ஷுக்கு உப்பு மேலே தூவியதாக இருந்தால் போதாது, சதைக்குள்ளேயே இருக்க வேண்டும். தண்ணீர் சாம்பார் அளவுக்கு உப்புக் கரிக்கட்டும். நான்கு நிமிடம் போதும், கத்தி கொஞ்சம் முரண்டு பிடித்தபடி இறங்க வேண்டும். உடனே எடுத்துத் துணியில் பரப்பி, கால்மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

இந்த ஆறவிடுவதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. மேலே ஈரம் இருந்தால், கம்பியின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், துண்டு சிவக்காது, கம்பியிலும் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த வட்டத்துக்கு எண்ணெய் தடவிப் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் சுட்டால் கோடு கோடாகச் சிவந்துவிடும். இதில் இன்னொரு சௌகரியம், அரைவேக்காட்டை முந்தின நாளே முடித்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். பந்தி நாளில் வேலை பத்து நிமிடம்தான்.

பட்டர்நட் குடும்பத்திலேயே ஹனிநட் என்று கையடக்கமான ஒரு தம்பி வந்திருக்கிறது. சமையல்கலைஞர் டான் பார்பர் கேட்டுக்கொண்டதன் பேரில் கார்னெலின் மைக்கேல் மசூரெக் உருவாக்கிய ரகம். உள்ளங்கையில் அடங்கும், சதை அடர் ஆரஞ்சு, தோலும் மெல்லியது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, விதையை எடுத்து, எண்ணெய் தடவி, வெட்டிய முகத்தை முதலில் நேர்நெருப்பில் மூன்று நிமிடம் காட்டிவிட்டு, பிறகு நெருப்பில்லாத பக்கம் தள்ளி மூடிபோட்டு இருபது, இருபத்தைந்து நிமிடம் விட்டால் ஆளுக்கு அரைக்காய் என்று பரிமாறலாம். கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

கபோச்சா

கரும்பச்சைத் தோல், தட்டையான உருண்டை, உள்ளே மஞ்சள் கலந்த ஆரஞ்சு. ஜப்பானியர்களின் அன்றாடக் காய். அங்கே விளையாத மாதங்களில் சாப்பிடுவதற்காக நியூசிலாந்தில் பயிரிட்டுக் கப்பலில் வரவழைக்கிறார்கள். மேஜையிலேயே இறைச்சி சுட்டுத் தின்னும் யாக்கினிகுக் கடைகளில் காய்கறித் தட்டு கேட்டால் அதில் மெலிதாக அரிந்த கபோச்சா தவறாமல் இருக்கும். நெருப்புக்கு இது ஏற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதன் சதையில் தண்ணீர் குறைவு, மாவு அதிகம். வெந்தால் மசித்த கிழங்கின் பதம். தோலையும் தின்னலாம், சுட்டால் அதற்கென்று ஒரு தனி ருசி உண்டு. ஆனால் தண்ணீர் குறைவு என்பதே கம்பியில் ஆபத்தும் ஆகிறது. அதிகமாகச் சுட்டால் தொண்டையில் விக்கும். அதனால் 8 மில்லிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம், எண்ணெயில் கஞ்சத்தனமும் வேண்டாம். மூடி போட்டுச் சுட்டால் ஆவி உள்ளேயே நின்று சதை வறளாமல் இருக்கும்.

வெட்டுவதுதான் கஷ்டம். கத்தி பாதியில் சிக்கிக்கொண்டு நழுவும் காய் இது, விரல் பத்திரம். முழுக்காயில் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் தோல் இளகும். காம்பைத் தவிர்த்து, பக்கத்தில் கத்தியை இறக்கி இரண்டாகப் பிளக்கலாம்.

இனிப்புப் பாகு இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் எண்ணம். சோயா சாஸ், கொஞ்சம் மிரின் என்ற ஜப்பானிய இனிப்பு அரிசி மது, எள் என்று உப்புப் பக்கம் சாய்ந்தால்தான் கபோச்சா பேசும். அதே குணமுள்ள சிவப்புக் குரி ஸ்குவாஷ் கிடைத்தாலும் இதே முறையில் சுடலாம், தோல் இன்னும் மெல்லியது.

ஏகார்னும் மற்றவையும்

ஏகார்ன் ஸ்குவாஷின் பிரபலமான டேபிள் குவீன் ரகத்தை அயோவா மாநிலம் டி மாய்ன் நகரின் அயோவா விதை நிறுவனம் 1913-இல் அறிமுகப்படுத்தியது. பாதியாகப் பிளந்து, குழியில் வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் வைத்து ஓவனில் சுடுவது அமெரிக்க வீடுகளில் தலைமுறையாக நடக்கிறது. அந்த முறைக்காகவே பிறந்த காய் என்று சொல்லலாம். கம்பியில் அந்தக் குழி எதற்கும் உதவாது, வெண்ணெய் வழிந்து நெருப்பில் விழுந்து தீ எழும்பும். குறுக்கே அரிந்தால் பூப்போல அழகான வளையம் வரும், ஆனால் சதை நார் நாராகவும் நீர்த்தும் இருப்பதால் சொந்த ருசி குறைவு. சர்க்கரை இல்லாமல் நிற்காத காயை இனிப்பும் உப்புமான சைட் டிஷ்ஷுக்கு எடுத்தால் இனிப்புதான் மேலே போகும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் வீணாக்க வேண்டாம், இரண்டு சென்டிமீட்டர் கீற்றாக அரிந்து நெருப்பில்லாத பக்கம் வைத்துப் பக்கத்துக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

ஸ்பகெட்டி ஸ்குவாஷைத் துண்டு போடவே கூடாது, இழை இழையாகப் பிரிந்துவிடும். ஹப்பர்ட் ஒரு வீட்டுக் கிரிலுக்கு மிகப் பெரிது. ஹாலோவீனுக்குச் செதுக்கும் பெரிய பூசணி தண்ணீரும் நாரும்தான், அதைச் சுட்டு ஒரு பயனும் இல்லை.

இந்தியக் கடைகளிலும் கரீபியக் கடைகளிலும் கீற்றாக வெட்டி விற்கும் பெரிய பரங்கிக்காய் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்களுக்குக் கையில் கிடைப்பதும் அதுதான். சுடலாம். ஆனால் பட்டர்நட்டைவிடத் தண்ணீர் அதிகம், எனவே இதற்கு அரைவேக்காடு கூடவே கூடாது, குழைந்துவிடும். நன்றாகப் பழுத்து உள்ளே செக்கச்சிவந்த துண்டாகப் பார்த்து, தோலோடு இரண்டு சென்டிமீட்டர் கீற்றாக அரிந்து, உப்புப் புரட்டி இருபது நிமிடம் வையுங்கள். விட்ட தண்ணீரைத் துடைத்துவிட்டு எண்ணெய் தடவிச் சுடுங்கள். தோல் தாங்கிப் பிடிப்பதால் உடையாது, தின்னும்போது தோலை ஒதுக்கிவிடலாம்.

எந்த மாதம் என்பதும் ஒரு கணக்கு

கனடாவின் தேங்ஸ்கிவிங் அக்டோபர் இரண்டாம் திங்கள், அமெரிக்காவுடையது நவம்பர் நான்காம் வியாழன். இடையில் ஆறு வாரத்துக்கும் மேல் இருக்கிறது, இந்தக் காய்களுக்கு அது பெரிய இடைவெளி. டெலிகாட்டா பறித்ததிலிருந்தே இனிப்பானது, அக்டோபரில் உச்சத்தில் இருக்கும், நாள் போகப் போக வாடும். பட்டர்நட்டும் கபோச்சாவும் நேர்மாறு. பறித்த புதிதில் மாவுதான் மிகுதி. சில வாரம் வைத்திருந்தால் அந்த மாவு மெல்லச் சர்க்கரையாக மாறும். அக்டோபர் தொடக்கத்தில் வாங்கிய கபோச்சா சப்பென்று இருந்தால் காயைக் குறை சொல்ல வேண்டாம், அதை நவம்பர்வரை விட்டுவைக்கலாம். ஆக டொராண்டோவில் விருந்து வைப்பவருக்கு டெலிகாட்டாவும், நியூஜெர்சியில் வைப்பவருக்குப் பட்டர்நட்டும் என் முதல் தேர்வு.

வைப்பது ஃப்ரிட்ஜில் அல்ல. 10 முதல் 15 டிகிரி இருக்கும் நிலவறையோ கராஜ் மூலையோ போதும், காய்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். தோல் பளபளக்காமல் மங்கலாகவும், காம்பு காய்ந்து கட்டையாகவும், கையில் எடுத்தால் பார்வைக்கு மீறிய கனமாகவும் இருப்பதே முற்றிய காய். எந்தக் காயாக இருந்தாலும் ஒரு துணுக்கு வாயில் போட்டுக் கசந்தால் உடனே துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருளின் கசப்பு அது, வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைத்த கொடியின் காயில் இந்த ஆபத்து கூடுதல்.

ஃபாயிலில் சுற்றுவதா, கரியா, கேஸா?

ஃபாயிலில் சுற்றிச் சுடச் சொல்லும் குறிப்புகள் நிறைய. அது சுடுவது அல்ல, அவிப்பது. உள்ளே ஆவிதான் வேலை செய்கிறது, ஓரம் சிவக்க வாய்ப்பே இல்லை. அதற்கு இட்லிப் பானையே போதும். கரிக்கும் கேஸுக்கும் இடையில், பாகு தடவும் முறைக்குக் கேஸ் கிரில் எனக்குப் பிடிக்கும், சூட்டை நினைத்த நேரத்தில் தணிக்கலாம். கபோச்சாவைச் சோயாவோடு சுடுவதானால் கரியின் புகை அதற்குப் பெரிய பலம். எதுவானாலும் ஒரு பாதியில் நெருப்பு, மறுபாதி நெருப்பில்லாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீய ஆரம்பித்தால் தள்ளிவைக்க ஓர் இடம் வேண்டும்.

இனிப்புக்கு எது?

இங்கே பெரும்பாலானோர் மேப்பிள் சிரப்பை எடுப்பார்கள். உலகின் மேப்பிள் சிரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் கியூபெக் மாகாணத்தில் உற்பத்தியாகிறது. சுமார் 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சி ஒரு லிட்டர் எடுக்கிறார்கள். அதன் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ், ஆகவே சூட்டைக் கொஞ்சம் தாங்கும். நெருப்புக்கு வெளிர்நிறத்தைவிட அடர்நிற வகையை வாங்குங்கள், அதன் மணம்தான் புகையைத் தாண்டித் தெரியும். தேனில் ஃப்ரக்டோஸ் மிகுதி, அது 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கும், கம்பியில் கருகிக் கசந்துவிடும். தேன்தான் வேண்டுமென்றால் இறக்கிய பிறகு ஊற்றுங்கள். பழுப்புச் சர்க்கரை நெருப்பில் சரியாகக் கரையாமல் நறநறவென்று நிற்கும்.

மேப்பிளோடு சரிக்குச் சரி நிற்கும் என்று நான் மனதார நம்புவது வெல்லம். பரங்கிக்காய்ப் புளிக்குழம்பில் ஒரு துண்டு வெல்லம் போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல. எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, இரண்டு மேஜைக்கரண்டி பொடித்த வெல்லம், அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துக் கரண்டியில் படியும் பதத்துக்குக் காய்ச்சுங்கள். கடைசியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டலாம். பட்டர்நட் வட்டத்தில் இதைத் தடவினால் வேறெந்தப் பாகும் அருகில் வராது. காய் ஒரே இனம் என்பதால் நாக்குக்கு உடனே பழகிவிடுகிறது. வான்கோழி தொடாத சைவக்காரர்கள் பந்தியில் இருந்தால் அவர்கள் தட்டில் இது ஒரு ஓரப் பொருளாக இராது, சாதத்தோடு பிசைந்து சாப்பிடவே கேட்பார்கள்.

டெலிகாட்டாவுக்கு மேப்பிள்தான். இரண்டு காய்க்கு இரண்டு மேஜைக்கரண்டி சிரப், அரைத் தேக்கரண்டி சிபோட்லே மிளகாய்த்தூள், அரை எலுமிச்சம்பழச் சாறு. சிபோட்லே புகையில் உலர்த்திய மெக்சிகோ மிளகாய், கேஸ் கிரிலில் கிடைக்காத புகைமணத்தை அது ஈடுகட்டும். மேலே வறுத்த பூசணி விதையும் கொஞ்சம் ஃபெட்டா சீஸும் உதிர்த்தால் உப்பு தனியாகத் தேட வேண்டாம். வெண்ணெயைப் பழுப்பாகக் காய்ச்சி அதில் சேஜ் இலையைப் பொரித்து ஊற்றுவது மூன்றாவது வழி, வான்கோழிக்குப் பக்கத்தில் வைக்க இதுதான் பொருத்தம். இனிப்பை அறவே குறைத்துவிடலாம், காயின் இனிப்பே போதுமானதாக இருக்கும்.

எதைத் தடவினாலும் நேரம் முக்கியம். ஊறவைத்துக் கம்பியில் போட்டால் காய் வேகும் முன்பே பாகு கரியாகிவிடும். முதலில் எண்ணெயும் உப்பும் மட்டும். காய் வெந்த பிறகு, கடைசி இரண்டு நிமிடத்தில் பிரஷால் ஒரு பூச்சு, திருப்பிப் போட்டு இன்னொரு பூச்சு, அவ்வளவுதான். மீதிப் பாகைத் தட்டில் அடுக்கிய பிறகு மேலே ஊற்றுங்கள். எலுமிச்சைச் சாற்றை மட்டும் மேஜைக்குப் போகும் நேரத்தில் பிழியுங்கள், முன்பே பிழிந்தால் அதன் வாசனை சூட்டில் பறந்துவிடும்.

சுட்ட துண்டுகள் வெதுவெதுப்பாக இருந்தாலே நன்றாக இருக்கும், கொதிக்கக் கொதிக்கப் பரிமாற வேண்டும் என்ற அவசரம் கிடையாது. வான்கோழியை ஓவனிலிருந்து எடுத்து அரைமணி நேரம் ஆறவைத்துத்தான் வெட்டுவார்கள், அந்த நேரமே கிரிலுக்குப் போதும். மிஞ்சியதை மறுநாள் மைக்ரோவேவில் சுடவைத்தால் தொளதொளத்துவிடும். தோசைக்கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் புரட்டி எடுத்தால் ஓரம் மறுபடி மொறுமொறுப்பாகும், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அது ஒன்றே போதும்.